டாக்டர் வான்பாலின் உலாந்தாத் தாடை

நாகப்பட்டினத்தில் பல்வலி வந்தவர்களுக்கு டாக்டர் கொர்னேலியுஸ் வான்பாலை விட்டால் ஆள் கிடையாது. கைராசிக்காரர். ஒரே ஒரு குறை, பல்லைப் பிடுங்குவதற்குள் டச்சுக்காரர்களின் ஒல்லாந்து தேசத்துச் சரித்திரம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். வாயைப் பிளந்துகொண்டு மறுவார்த்தை பேச வழியில்லாமல் படுத்திருக்கிறவனைவிட நல்ல செவி அவருக்கு வேறெங்கே வாய்க்கும்?

"இந்த ஊரை எங்க ஆளுங்க நூத்தி இருபது வருஷம் ஆண்டாங்க, தெரியுமா? ஆங், இன்னும் கொஞ்சம் திறங்க. என் தாடையைப் பாருங்க. சதுரமா இருக்கா? இது சோறு தின்னு வந்த தாடை இல்ல. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னு வந்த உலாந்தாத் தாடை."

அவர் மனைவி அமலோற்பவம் வேளாங்கண்ணிக்காரி. கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள்தான். "முப்பது வருஷமா நான் பொங்கிப் போட்டதை அந்தத் தாடை என்னன்னு நெனச்சித் தின்னுச்சாம்?" என்று வெளியே இருந்தபடியே கேட்பாள். காத்திருப்பவர்கள் வலியை மறந்து சிரிப்பார்கள்.

கிளினிக் சுவரில் சிங்கமும் காற்றாலையும் பொறித்த வான்பால் வம்சச் சின்னம் ஒன்று தொங்கியது. பணம் கட்டினால் எந்த வம்சத்துக்கும் சின்னம் செய்து அனுப்பும் இணையக் கடையில் வாங்கியது. டச்சுக் கம்பெனி காலத்து நாகப்பட்டினத்தில் சொந்தத் தொழில் நடத்திய சுதந்திரக் குடிகள் பட்டியலில் 'எம். வான் பால்' என்று ஒரு பதிவு இருந்தது. 'எம்' என்றால் மத்தேயுஸ் என்று கொர்னேலியுஸ் தாமாகவே முடிவு செய்திருந்தார். வான் பால் என்பது ஒல்லாந்தில் பெரிய பிரபுக் குடும்பம் என்றும் முடிவு செய்திருந்தார். மகளுக்கு வில்ஹெல்மினா என்று பெயர் வைத்தார். வீட்டில் அவள் மீனா.

அது எல்லா நாட்டிலும் கடல் ஏறிக்கொண்டிருந்த காலம். கடலுக்குச் சுவர் கட்டுவதில் ஒல்லாந்தரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கட்டுவதற்குத்தான் அவர்களிடம் ஆள் இல்லை. ஆகவே, முன்பு தங்கள் கம்பெனி குடியேறிய ஊர்களிலெல்லாம் அந்த வழியில் வந்தவர்களைத் தேடி, வந்து படியுங்கள், எங்களோடு சேர்ந்து கட்டுங்கள் என்று அழைப்பு அனுப்பினார்கள். யார் வழித்தோன்றல் என்று சான்று கொடுக்கும் பொறுப்பு அந்தந்த ஊர் உலாந்தா வம்சாவளிச் சங்கத்துடையது. நாகப்பட்டினத்துச் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மீனா நீரியல் படித்தவள். ஆறு வயதில் வீட்டுக்குள் கடல்நீர் புகுந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கனவு, கடல்சுவர். முதல் சான்று அவளுக்குத்தான் என்று ஊரே எதிர்பார்த்தது. கொர்னேலியுஸோ தலைமைப் பதவியின் கம்பீரத்தில் ஒரு விதி கொண்டுவந்தார். ஒல்லாந்து ரத்தம் உண்டென்று எச்சில் சோதனையில் நிரூபிக்கிறவர்களுக்கு மட்டுமே சான்று. கைதட்டல் பலமாக இருந்தது. அந்தக் கைதட்டலின் நடுவேதான் ரொட்டிக்கடை இராயப்பனின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அவர் மகனும் மீனாவோடு படித்தவன், அதே கனவு உள்ளவன். 'எங்கப்பா சொல்வாரு, நாமளும் அந்த வழிதான்னு' என்பதைத் தவிர இராயப்பனிடம் ஆதாரம் ஒன்றுமில்லை; எச்சிலை எந்தப் பதிவோடு ஒப்பிடுவது என்றுகூட அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் எழுந்து போனார்.

விதி போட்டவரே முதலில் எச்சில் கொடுத்தால்தானே மரியாதை? நாகூர் ஆய்வுக்கூடத்தில் தடமானி என்ற கருவியை இயக்குகிறவள் நுஸ்ரத் பர்வீன். கொர்னேலியுஸிடம் பல் பார்த்துக்கொண்டவள்.

"போன வருஷம் நீங்க எனக்கு வேர் சிகிச்சை பண்ணீங்க, இப்ப நான் உங்களுக்கு" என்று சிரித்தாள். சென்னை ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த அந்தச் சுதந்திரக் குடிகள் பட்டியலின் பழைய தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் கருவாட்டு நிறத்தில் கிடந்தது. "காகிதம் எதையும் மறக்காது டாக்டர். கையெழுத்துப் போடுறப்ப விரல் வேர்வை, நுனித்தோல் எல்லாம் நாருக்குள்ள இறங்கிடும். அதுக்கு மேல தூசி, பூச்சி மருந்து, பின்னால தொட்ட நூறு பேர். முன்னெல்லாம் பிரிக்க முடியாது. இப்ப வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா உரிக்கலாம். எல்லாத்துக்கும் அடியில இருக்கிறவர் உங்களுக்கு உறவா இல்லையான்னு உங்க எச்சில் சொல்லிடும். அதே விரல் வேற எந்த ஊர்த் தாள்ல பட்டிருந்தாலும் அதையும் கண்டுபிடிச்சிடும்."

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. நுஸ்ரத் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கெட்ட சேதி சொல்வதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போடுவது கொர்னேலியுஸுக்கும் தெரிந்த வித்தைதான்.

"உறவு உறுதி. அந்தப் பதிவுக்கு நேரா விரல் வச்சவர் உங்க மூதாதை. சந்தேகமே இல்ல."

"அப்பாடா! நான்தான் சொன்னேனே, மத்தேயுஸ்னு."

"மூதாதைன்னுதான் சொன்னேன் டாக்டர். ஆம்பளைன்னு சொல்லல."

கொர்னேலியுஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்முன்னா மரியா. 'பால்'க்குப் பின்னால ஒரு புள்ளி இருக்கு, பார்த்தீங்களா?"

"ஈ எச்சம்னு நெனச்சேன்."

"சுருக்கப் புள்ளி. எழுத்தர் சோம்பல் பட்டு ஊர்ப் பேரை முதல் மூணு இங்கிலீஷ் எழுத்தோட சுருக்கியிருக்கார். இதே விரல் ஜகார்த்தாவில இருக்கிற ஒரு விடுதலைப் பத்திரத்திலயும் பட்டிருக்கு. அங்கே முழுப் பேரும் இருக்கு. மரியா வான் பலியகத்தா. பலியகத்தான்னா பழவேற்காடு. அவங்க வாய்ல அப்படித்தான் வந்திருக்கு. 'வான்'னா 'இருந்து'ன்னு அர்த்தம். பிரபுவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பழவேற்காட்டுல இருந்த உலாந்தாக்காரி..."

"டாக்டர்." நுஸ்ரத்தின் குரல் தணிந்தது. "பழவேற்காட்டிலயிருந்து கப்பல்ல ஏத்துன அடிமைங்களுக்கு அப்படித்தான் பேர் வைப்பாங்க. முன்னால ஒரு கிறிஸ்தவப் பேர், பின்னால ஏத்துன ஊர். பஞ்ச காலத்துல நிறைய பிள்ளைகளை ஏத்தியிருக்காங்க. இவங்க பத்தாவியாவுக்கு, அதான் இப்போதைய ஜகார்த்தாவுக்குப் போயி, விடுதலை வாங்கி, கடல் தாண்டித் திரும்பி வந்திருக்காங்க. நாகப்பட்டினத்துல அப்பம் சுட்டு விக்க அனுமதி வாங்கி, சுதந்திரக் குடியாப் பதிஞ்சிருக்காங்க."

"என் உடம்புல ஒல்லாந்து ரத்தம்...?"

"துளிகூட இல்ல. ஒரு சொட்டு ஜாவா இருக்கு."

"அப்போ இந்தத் தாடை?"

"சுத்தமான திருவள்ளூர் மாவட்டத்துத் தாடை, டாக்டர்" என்றாள் நுஸ்ரத். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "முடிவு உங்களோடது. சட்டப்படி நான் யாருக்கும் சொல்லக் கூடாது. வேணாம்னா அழிச்சிடலாம். கருவி சரியா ஓடலைன்னு நீங்க சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அந்த 'அழிச்சிடலாம்' என்ற சொல் அவர் கூடவே ஆட்டோவில் ஏறி வீடுவரை வந்தது.

மறுநாள் கிளினிக்கில் முதல் டோக்கன் இராயப்பன். கன்னம் பன்னாகப் புடைத்திருந்தது. பல் பிடுங்கியே ஆகவேண்டும். கொர்னேலியுஸ் மரத்துப்போக ஊசி போட்டார், வாய்க்குள் பஞ்சை வைத்தார், விளக்கைத் திருப்பினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் கப்பல் புறப்படும். அன்று புறப்படவில்லை. இடுக்கியைக் கையில் வைத்தபடி நின்றவர், திடீரென்று, "இராயப்பா, நான் உலாந்தாக்காரன் இல்லய்யா" என்றார்.

இராயப்பனின் கண்கள் விரிந்தன. ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. மரியாவை, அந்தப் புள்ளியை, பழவேற்காட்டை, தாடையை எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். சொல்லிக்கொண்டே பல்லையும் பிடுங்கிவிட்டார்.

இராயப்பன் பஞ்சைக் கடித்தபடி குலுங்கினார். வலியில் அழுகிறார் என்று நினைத்துக் கொர்னேலியுஸ் பதறிப்போனார். பார்த்தால் சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, பாதி மரத்த வாயால், "அப்ஃபம்..." என்றார் இராயப்பன். "உங்க ஃபாட்டி அப்ஃபம் சுட்டாளா? நம்ம ஜாதிதான் டாக்டர்!"

சிரித்து ஓய்ந்தபின் பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்தார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். வாசல்வரை போனவர் நின்றார். "நீங்க சொல்லிடுங்க."

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கொர்னேலியுஸ் மனைவியிடமும் மகளிடமும் சொன்னார். அமலோற்பவம் கேலி பண்ணுவாள் என்று தயாராகவே இருந்தார். அவளோ அவர் தட்டில் இன்னொரு கரண்டி மீன்குழம்பை ஊற்றினாள். அதுதான் அவரைக் கலங்கடித்தது.

"உன் சீட்டுப் போயிடும் மீனா. நான் போட்ட விதியாலயே போயிடும்."

மீனா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எத்தனை வயசுப்பா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டாள்.

"எந்தப் பொண்ணு?"

"மரியா. கப்பல்ல ஏத்தினப்போ."

முடிவு வந்ததிலிருந்து தாடையைப் பற்றி யோசித்தார், ஊரைப் பற்றி யோசித்தார், சீட்டைப் பற்றி யோசித்தார். இதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. "தெரியல" என்றார். "பத்தாவியாவுக்கு வந்தப்ப 'சிறுமி'ன்னு எழுதியிருக்காம். நுஸ்ரத் சொன்னா."

மீனா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். "அவ்ளோ சின்னப் புள்ள போயி, தன்னைத்தானே மீட்டுக்கிட்டு, கடலைத் தாண்டித் திரும்பி வந்திருக்கு. நீங்க என்னடான்னா இல்லாத மத்தேயுஸுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க. போங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கொர்னேலியுஸ் கோட்டு போடாமல் வந்ததைப் பார்த்ததுமே எல்லோருக்கும் ஏதோ விபரீதம் என்று பட்டது. அவர் மேடையேறி, சுற்றி வளைக்காமல் சொன்னார். என் மூதாதை பழவேற்காட்டுப் பெண், அடிமையாகப் போனவள், சுதந்திரமாகத் திரும்பியவள், என் உடம்பில் ஒல்லாந்து ரத்தம் ஒரு சொட்டும் இல்லை, ஆகவே என் விதிப்படி நான் உங்கள் தலைவராக இருக்கத் தகுதியில்லாதவன்.

பின்வரிசையிலிருந்து செயலாளர் எழுந்து, "அப்போ அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுத்துடலாமா?" என்று குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். ரொம்ப நாளாகவே அந்த நாற்காலிமேல் அவருக்கு ஒரு கண்.

"தாராளமா" என்றார் கொர்னேலியுஸ். "விதிப்படி முதல்ல எச்சில் கொடுத்திடுங்க. நுஸ்ரத் வாசல்ல உக்காந்திருக்கு. குப்பி கொண்டாந்திருக்கு."

செயலாளர் நின்றார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாராவது?"

கொர்னேலியுஸ் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். டி வோஸ் குடும்பத்தார் கூரையைப் பார்த்தார்கள். ஸ்மித்ஸ் குடும்பத்துப் பெரியவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தங்கள் வாய்க்குள் ஊறுவதே தங்களைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தவர்களைப்போல எல்லோரும் வாயை இறுக்க மூடியிருந்தார்கள். இத்தனை வருடம் பல் பார்த்தவர் அத்தனை வாய்களும் ஒன்றாக மூடியிருந்து பார்த்ததில்லை.

அப்போது மீனா எழுந்தாள். "ஒல்லாந்துக்காரங்க அனுப்பின அழைப்பை யாராவது முழுசாப் படிச்சீங்களா? நான் நேத்துதான் படிச்சேன். கம்பெனிப் பதிவில இருக்கிற சுதந்திரக் குடிகளோட சந்ததின்னு போட்டிருக்கு. ரத்தம்னு ஒரு வார்த்தை கிடையாது. அது நாம சேர்த்தது. மரியா சுதந்திரக் குடி. அதனால நான் போகலாம். நான் மட்டும் இல்ல, அந்தத் தாள்ல விரல் வச்ச யாரோட பிள்ளைங்களும் போகலாம். ஆசாரி, சலவைக்காரர், அப்பம் சுட்டவங்க, யாரா இருந்தாலும். எச்சில் குடுத்து அந்த விரல் நம்ம விரலான்னு பார்த்தா போதும். எந்த நாட்டு விரல்னு பார்க்க வேணாம்."

"எந்த நாடுன்னு வெளில சொல்ல மாட்டாங்களா?" என்று ஸ்மித்ஸ் பெரியவர் இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சொல்ல மாட்டோம் அங்கிள்" என்றாள் நுஸ்ரத் வாசலிலிருந்து.

விதி அன்றைக்கே மாறியது. எதிர்த்து ஒரு கையும் எழவில்லை. கொர்னேலியுஸ் மேடையைவிட்டு இறங்கி, கடைசி வரிசையில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த இராயப்பனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இராயப்பனின் மூதாதையும் அதே தாளில், மரியாவுக்கு நாலு வரி கீழே இருந்தது பிறகு தெரிந்தது. அது எந்த நாட்டு விரல் என்று இராயப்பன் கேட்கவில்லை. "எந்த நாடா இருந்தா என்ன, மாவு பிசைஞ்ச விரலா இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டார்.

மீனாவும் இராயப்பன் மகனும் புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது நுஸ்ரத் தொலைபேசியில் கூப்பிட்டாள். உறவினரைத் தேட விருப்பம் தெரிவித்து மருத்துவ முகாமில் எச்சில் கொடுத்தவர்களின் பதிவுகளோடு மரியாவின் தடத்தை ஒப்பிட்டுப் பார்த்தாளாம். பழவேற்காட்டில் ஒருவர் பொருந்தியிருக்கிறார். மரியாவின் கூடப்பிறந்த யாரோ ஒருவரின் வழி. பெயர் செங்கேணி. ஏரியில் பூநாரை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிற அம்மாள்.

கொர்னேலியுஸ் தயங்கித் தயங்கி அந்த அம்மாளுக்குப் போன் செய்தார். "நான் உங்க சொந்தக்காரன் பேசறேன்" என்றதும், "சீட்டுக் கம்பெனியா? வேணாம்பா, போன தபா மாட்னதே போதும்" என்று அவர் வைத்துவிட்டார். மறுபடி அமலோற்பவம் பேசினாள். பெண்ணுக்குப் பெண் பேசினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பதினைந்து நிமிடத்தில் என்ன மீன் பிடிக்கும் என்பதுவரை பேச்சு போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை குடும்பத்தோடு பழவேற்காட்டில் போய் இறங்கினார்கள். வீடு ஏரிக்கரையில், வெள்ளத்துக்குப் பயந்து தூண்மேல் உயர்த்திக் கட்டியது. செங்கேணிக்கு ஐம்பது வயது இருக்கும். படியில் நின்று வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். கொர்னேலியுஸ் அவருடைய முகத்தைப் பார்த்தார். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. அவர் பக்கவாட்டில் திரும்பிப் பேரனை அதட்டியபோது அமலோற்பவம் கணவனின் விலாவில் இடித்தாள். அதே சதுரம்.

"இன்னா சார், எதுக்கு அப்டி பாக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. பல் டாக்டர். பழக்கம்."

கொர்னேலியுஸ் கதையைச் சொன்னார். இந்த முறை ஒல்லாந்தின் பெருமையில்லை, கோட்டை கொத்தளம் இல்லை. ஒரு சிறுமியைக் கப்பலில் ஏற்றினார்கள், அவள் மீண்டு வந்தாள், அவ்வளவுதான். செங்கேணி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எத்தினி வருசம் ஆவுது?"

"முந்நூத்தம்பதுக்கு மேல."

"எங்க வூட்ல அப்டி ஒரு பொண்ணு காணாமப் போச்சுன்னு யாரும் சொன்னதே இல்லியே." தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. "பேரு இன்னா அதுக்கு?"

"மரியான்னு அவங்க வச்சது. அப்பா அம்மா வச்ச பேரு எங்கயும் இல்ல. கருவிக்கும் தெரியல."

மீனா அவசரமாக, "ஆனா விடுதலையாகித் திரும்பி வந்துட்டாங்கத்தே. சொந்தமா வீடு, தொழில் எல்லாம் இருந்திருக்கு" என்றாள். அத்தை என்ற சொல் அவளை அறியாமலே வந்திருந்தது. செங்கேணி அதைக் கவனித்து அவள் கன்னத்தை ஈரக்கையால் தொட்டார். பிறகு கொர்னேலியுஸ் பக்கம் திரும்பினார்.

"அவ்ளோ தூரத்துலருந்து நாகப்பட்டினம் வரிக்கும் வந்தவ, இங்க ஏன் வரல?"

கொர்னேலியுஸ் வாயைத் திறந்தார். கப்பல் கிடைத்திருக்காது, போர் நடந்திருக்கும், வயிற்றில் பிள்ளை இருந்திருக்கும் என்று சொல்ல நூறு காரணம் இருந்தது. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. பஞ்சத்தில் பிள்ளையை விற்றது யாராக இருந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, செங்கேணிக்கும் தெரியாது. செங்கேணி உரித்த வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கினார். தூரத்தில் பூநாரைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

"சின்னப் புள்ளையில்ல" என்றார் செங்கேணி கடைசியில். "வழி மறந்துபூட்டிருக்கும்."

அவர் எழுந்து புடவையை உதறிக்கொண்டார். உள்ளே நண்டுக் குழம்பு கொதித்து மணம் வாசல்வரை வந்தது. பேரனிடம் பாயை விரிக்கச் சொன்னார்.

"அவதான் வர்ல. நீயாச்சும் வந்தியே. உள்ள வந்து குந்துண்ணே, சோறு ஆறிடப் போவுது."

கொர்னேலியுஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.